ஒரு பிடி விதை!

பணம் தொலைந்தால் மீண்டும் சம்பாதிக்கலாம். வீடு இடிந்தால் மீண்டும் கட்டலாம். வெள்ளத்தில் பாலம் அடித்துக்கொண்டு போனால், அதைவிடப் பெரிய பாலம் போடலாம்.

ஆனால், ஒரு நெல் ரகம் அழிந்துபோனால்?

எத்தனை கோடி ரூபாய் கொட்டினாலும் அதே நெல்லை மீண்டும் உண்டாக்க முடியாது. எவ்வளவு பெரிய விஞ்ஞானியாலும் முடியாது. போனது போனதுதான்!

அந்த நெல் ஒரே நாளில் உண்டானது அல்ல. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக, உழவர்கள் நல்ல கதிராகப் பார்த்துப் பார்த்து விதைக்கு எடுத்து வைத்தார்கள். வெள்ளம் வரும் ஊரில், வெள்ளத்தைத் தாங்கிய பயிர் நிலைத்தது. வானம் பார்த்த பூமியில், வறட்சியைத் தாங்கிய பயிர் நிலைத்தது. உப்புத் தண்ணீர் ஏறும் கடற்கரையில், உப்பைத் தாங்கிய பயிர் நிலைத்தது. இப்படிப் பிறந்தவைதான் நாட்டு ரகங்கள்.

இந்த நாட்டு ரகங்களைத் தேடித்தான், உலகம் எங்கும் விஞ்ஞானிகள் கையில் பையோடு ஊர் ஊராகப் போகிறார்கள். மலை ஏறுகிறார்கள். சந்தையில் நிற்கிறார்கள். உழவர் வீட்டு வாசலில் நின்று, ஒரு பிடி விதை கேட்டு வாங்குகிறார்கள்.

"கடையில் கிடைக்காத விதையா? இதற்கு இவ்வளவு பாடா?" என்று சிலர் கேட்கலாம்.

ஆம், இவ்வளவு பாடு தேவைதான். பேரப்பிள்ளைகளுக்குச் சோறு கிடைக்குமா, கிடைக்காதா என்பது அந்த ஒரு பிடி விதையில் இருக்கிறது.

ஒரே ரகம், ஒரே அடி

அயர்லாந்து என்பது ஐரோப்பாவில் உள்ள ஒரு தீவு. 1845-ம் ஆண்டில் அங்கே ஏழைகளுக்கு உருளைக்கிழங்குதான் சோறு. காலையிலும் அதுதான், இரவிலும் அதுதான்.

அந்தக் கிழங்கிலும் பெரும்பகுதி ஒரே ரகம். "லம்பர்" என்று அதற்குப் பெயர். வளம் குறைந்த நிலத்திலும் நிறைய விளையும். ஆகவே எல்லோரும் அதையே நட்டார்கள்.

உருளைக்கிழங்கை விதை போட்டு வளர்ப்பது இல்லை. கிழங்கை வெட்டி நடுகிறார்கள். எனவே ஒரு செடி எப்படியோ, அப்படியேதான் எல்லாச் செடிகளும். ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வரும்.

வந்தது! ஒருவகைக் கருகல் நோய், கடல் கடந்து வந்து சேர்ந்தது. பச்சைப் பசேல் என்று நின்ற வயல்கள் கருகின. மண்ணுக்குள் கிழங்கு அழுகி நாறியது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் இதே கதை. ஆட்சியாளர்களின் அலட்சியமும் அதோடு சேர்ந்துகொண்டது.

சுமார் 10 லட்சம் மக்கள் பசியாலும், பசியோடு வந்த நோயாலும் மாண்டார்கள். இன்னும் 10 லட்சம் பேர் ஊரைவிட்டுக் கப்பல் ஏறினார்கள்.

"அது பழைய காலம். விஞ்ஞானம் வளர்ந்த பிறகு அப்படி நடக்குமா?" என்று கேட்கலாம்.

1970-ம் ஆண்டில் அமெரிக்காவிலேயே நடந்தது. அங்கே பயிரான மக்காச்சோளத்தில் பெரும்பகுதி, ஒரே தாய்வழியில் வந்த விதை. இலைக் கருகல் நோய் அதைத் தாக்கியது. நாடு முழுவதும் விளைச்சலில் சுமார் 15 சதவீதம் அழிந்தது.

ஆனால் அமெரிக்காவில் பஞ்சம் வரவில்லை. அது பணக்கார நாடு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்த நோயைத் தாங்கும் வேறு விதை அவர்களிடம் இருந்தது. அதை எடுத்து விதைத்தார்கள், பிழைத்தார்கள்.

அயர்லாந்து உழவனிடம் அப்படி மாற்று விதை இல்லை.

சீந்துவார் இல்லாத கோதுமை

1948-ம் ஆண்டு. அமெரிக்க விஞ்ஞானி ஜாக் ஹார்லன் என்பவர், துருக்கி நாட்டில் விதை தேடிப் போனார். நாட்டின் கிழக்கே ஒரு மூலையில், ஒரு கோதுமையைக் கண்டார். அதிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்.

அது பார்க்கச் சகிக்காத கோதுமை! தாள் மெலிந்து நெட்டையாக இருக்கும். காற்று அடித்தால் சாய்ந்துவிடும். குளிர் தாங்காது. அதன் மாவில் ரொட்டி சுட்டால் நன்றாக வராது.

அமெரிக்காவில் அந்த விதைக்கு ஓர் எண் கொடுத்து, பொட்டலம் கட்டி வைத்தார்கள். சுமார் 15 ஆண்டுகள் அதை ஒருவரும் சீந்தவில்லை.

பிறகு அமெரிக்காவின் வடமேற்கு மாநிலங்களில், கோதுமைக்கு மஞ்சள் துரு நோய் வந்தது. உழவர்கள் தவித்தார்கள். விஞ்ஞானிகள், இருக்கிற கோதுமைப் பொட்டலங்களை எல்லாம் பிரித்து, ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள்.

அந்தச் சோதனையில் தேறியது எது தெரியுமா? யாரும் சீந்தாத அந்தத் துருக்கிக் கோதுமைதான்! மஞ்சள் துருவை மட்டும் அல்ல, கரிப்பூட்டை நோயில் பல வகைகளையும் அது தாங்கியது. அதன் குணத்தை நல்ல கோதுமையோடு சேர்த்தார்கள். அந்தப் பகுதியில் பிறகு வந்த பல கோதுமை ரகங்களில் அதன் ரத்தம் ஓடுகிறது.

"இந்த நோஞ்சான் கோதுமை எதற்கு?" என்று 1948-ல் விட்டுவிட்டு வந்திருந்தால்?

எந்த விதை எப்போது உதவும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே நல்லது, கெட்டது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் எடுத்து வைக்கிறார்கள்.

காட்டு நெல் காத்த சோறு

இதைவிடப் பெரிய அதிசயம் நெல்லில் நடந்தது. அதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு.

1970-களில், ஆசியாவின் பல நாடுகளில் நெல்லுக்குப் புல் குட்டை நோய் வந்தது. இந்த நோய் வந்த நெல், புல்லைப் போலக் குட்டையாகப் படர்ந்து நிற்கும். கதிர் வராது, வந்தாலும் மணி பிடிக்காது. புகையான் பூச்சி இந்த நோயைப் பரப்பியது. புகையான் என்றால் தஞ்சாவூர் உழவருக்கு விளக்கம் சொல்ல வேண்டியது இல்லை!

பிலிப்பைன்ஸ் நாட்டில், லாஸ் பானோஸ் என்ற ஊரில், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே 6,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளை எடுத்துச் சோதித்தார்கள். எல்லாம் தோற்றன.

ஒன்றே ஒன்று தாங்கியது. அது பயிரிடும் நெல்லே அல்ல. "நிவாரா" என்று விஞ்ஞானிகள் சொல்லும் காட்டு நெல். குளக்கரையிலும் சதுப்பிலும் தானே முளைக்கும் களை. மணி முற்றுவதற்குள் உதிர்ந்துவிடும். அந்த மாதிரி, 1960-களின் தொடக்கத்தில், உத்தரப் பிரதேசத்தில் எடுக்கப்பட்டது.

அதிலும் எல்லாச் செடியும் தாங்கவில்லை. சோதித்த செடிகளில் சில மட்டுமே தப்பி நின்றன. அந்தச் சில செடிகளிலிருந்துதான் உலகத்துக்கு விமோசனம் பிறந்தது.

பஞ்சாபில் பிறந்த குர்தேவ் குஷ் என்ற விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும், அந்தக் காட்டு நெல்லின் குணத்தைப் புதிய நெல்லில் ஏற்றினார்கள். 1976-ல் வந்த "ஐ.ஆர்.36" என்ற நெல் அவற்றில் ஒன்று. 1980-களில் அது உலகில் 2½ கோடி ஏக்கருக்கு மேல் பயிராயிற்று.

ஒரு களையின் சில செடிகள், கோடிக்கணக்கான மக்களின் உலையைக் காத்தன!

ஒடிசா மாநிலத்து நாட்டு நெல் ஒன்றும் இப்படியே. பயிர் முழுவதும் 2 வாரம் வரை தண்ணீரில் மூழ்கிக் கிடந்தாலும் அது பிழைத்துக்கொள்ளும். அந்தக் குணத்தை எடுத்து, "ஸ்வர்ணா" நெல்லில் சேர்த்தார்கள். வெள்ளம் தாங்கும் அந்த ஸ்வர்ணா, 2009-ல் இந்திய உழவர்கள் கைக்கு வந்தது.

பசித்தும் தொடாத கைகள்

இப்படி உலகம் முழுவதும் விதை தேட வேண்டும் என்று முதலில் பெரும் அளவில் கிளம்பியவர், ரஷ்ய விஞ்ஞானி நிக்கோலாய் வவிலோவ். இவர் 1887-ல் பிறந்தவர்.

ஆப்கானிஸ்தான் மலைகளில் குதிரை ஏறிப் போனார். எத்தியோப்பியா போனார். சீனா, ஜப்பான், மெக்சிகோ, தென் அமெரிக்கா என்று சுற்றினார். போன இடமெல்லாம் உழவர்களோடு பேசி, விதை வாங்கினார். பஞ்சம் இல்லாத உலகத்தை உண்டாக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

லெனின்கிராடு நகரில் இருந்த அவரது நிலையத்தில், சுமார் 2½ லட்சம் மாதிரிகள் சேர்ந்தன. அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய விதைக் களஞ்சியம் உலகில் வேறு எங்கும் இல்லை.

ஆனால், அவர் கொண்ட விஞ்ஞானக் கொள்கை ஆட்சியாளர்களுக்குப் பிடிக்கவில்லை. 1940-ல், விதை சேகரிக்கப் போன இடத்திலேயே அவரைக் கைது செய்தார்கள். 1943-ம் ஆண்டு ஜனவரியில், சரத்தோவ் நகரச் சிறையில், பட்டினியால் வாடி அவர் இறந்தார். உலகத்தின் பசியைத் தீர்க்கப் புறப்பட்டவருக்கு நேர்ந்த முடிவு இது! 1955-ல், "அவர் குற்றமற்றவர்" என்று அதே நாட்டு அரசாங்கம் அறிவித்தது.

அவர் சிறையில் இருந்தபோது, அவர் சேர்த்த விதைகள் என்ன ஆயின?

1941 செப்டம்பரில், ஹிட்லரின் படை லெனின்கிராடை முற்றுகை இட்டது. ஏறத்தாழ 900 நாட்கள் அந்த முற்றுகை நீடித்தது. உணவு வரும் வழி அடைபட்டது. அந்தக் குளிர்காலத்தில் ஒரு கட்டத்தில், பெரும்பாலான மக்களுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்தது 125 கிராம் ரொட்டிதான். லட்சக்கணக்கான மக்கள் மடிந்தார்கள்.

அந்த நகரத்தின் நடுவே, விதை நிலையத்தில், மூட்டை மூட்டையாக நெல், கோதுமை, பயறு, வேர்க்கடலை! காவலுக்கு இருந்தவர்கள் எலும்பும் தோலுமான விஞ்ஞானிகள். எலி தின்னாமல் விரட்டினார்கள். கிழங்குகள் உறைந்துபோகாமல், கிடைத்ததை எல்லாம் எரித்துச் சூடு காட்டினார்கள். ஆனால் ஒரு மணியைக்கூட வாயில் போடவில்லை.

வேர்க்கடலை விதைகளைக் காத்த ஷூகின், தம் மேஜை முன்பே உயிர் விட்டார். நெல் விதைகளைக் காத்த இவானோவ் பசியால் இறந்தார். அவரைச் சுற்றி ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்கள் பிரிக்கப்படாமல் இருந்தன! இன்னும் பலரும் இப்படியே இறந்தார்கள்.

விதை நெல்லைக் குத்தித் தின்பது குடும்பத்துக்கு ஆகாது என்று தமிழ்நாட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். எவ்வளவு கஷ்டம் வந்தாலும் விதைக் கோட்டையில் கை வைக்க மாட்டார்கள். லெனின்கிராடு விஞ்ஞானிகள் ஒரு குடும்பத்துக்காக அல்ல, உலகத்துக்காக விதைக் கோட்டையைக் காத்தார்கள். போர் முடிந்தது. அந்த விதைகளிலிருந்து புதிய புதிய ரகங்கள் பிறந்தன.

எடுப்பதிலும் முறை உண்டு

கண்ணில் பட்ட கதிரை ஒடித்துப் பையில் போட்டுக்கொள்வது சேகரிப்பு ஆகாது. அதற்கு முறை இருக்கிறது.

ஒரே செடியிலிருந்து எடுத்தால், அந்தச் செடியின் குணம் மட்டுமே கிடைக்கும். காட்டு நெல் கதை ஞாபகம் இருக்கிறது அல்லவா? சில செடிகளே நோயைத் தாங்கின. ஆகவே, ஒரு வயலில் 50 செடிகளுக்குக் குறையாமல், அங்கும் இங்குமாகப் பொறுக்கி எடுக்கிறார்கள்.

காட்டுச் செடியாக இருந்தால், முற்றிய விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பது இல்லை. மிச்சம் மண்ணுக்கு, அடுத்த ஆண்டு அது அங்கே முளைக்க வேண்டும்.

விதையோடு விவரமும் வேண்டும். எந்த ஊர்? எந்த நிலம்? எந்த மாதம் விதைப்பார்கள்? ஊரில் அதற்கு என்ன பெயர்? சோற்றுக்கு ஆகுமா, அவலுக்கு ஆகுமா? பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பார்களா? எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறார்கள். இந்த விவரங்களைச் சொல்லுபவர்கள் பெரும்பாலும் வீட்டில் உள்ள பாட்டிமார்கள். விவரம் இல்லாத விதை, விலாசம் இல்லாத கடிதம் போன்றது.

பிறகு விதையை நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத உறையில் அடைத்து, கடுங்குளிரில் வைக்கிறார்கள். குளிரை 5 டிகிரி கூட்டினால், விதையின் ஆயுள் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகும் என்பது விதை விஞ்ஞானத்தில் ஒரு பொதுக் கணக்கு. ஈரத்தைக் குறைத்தாலும் ஆயுள் இப்படியே கூடும்.

மா, பலா, தென்னை போன்றவற்றுக்கு இந்த வித்தை பலிக்காது. அவற்றின் விதை, உலர்ந்தால் செத்துவிடும். அவற்றை மரமாகவே வளர்த்துத் தோப்பில் காக்க வேண்டும்.

பனிமலைக்குள் பெட்டகம்

டில்லியில் தேசிய விதைக் களஞ்சியம் இருக்கிறது. அங்கே 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் உறைகுளிரில் இருக்கின்றன. இரண்டாவதாக இன்னொரு தேசியக் களஞ்சியம் கட்டப்படும் என்று, 2025-ம் ஆண்டு பட்ஜெட்டில் மத்திய அரசாங்கம் அறிவித்தது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும், நெல் விஞ்ஞானி ராமையாவின் பெயரில் ஒரு விதைக் களஞ்சியம் இருக்கிறது.

இரண்டாவது களஞ்சியம் எதற்கு என்று கேட்கலாம். ஆப்கானிஸ்தானில் நடந்ததைப் பாருங்கள். போர்க் காலத்தில், கஸ்னியிலும் ஜலாலாபாத்திலும், வீடுகளில் விதைகளை ஒளித்து வைத்திருந்தார்கள். 2002-ல் போய்ப் பார்த்தால், விதை எல்லாம் தரையில் கொட்டிக் கிடந்தது. கொள்ளைக்காரர்களுக்கு விதை தேவைப்படவில்லை. அது இருந்த டப்பாக்களையும் ஜாடிகளையும் எடுத்துப் போய்விட்டார்கள்! பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசியக் களஞ்சியத்தில் 2006-ல் புயல் வெள்ளம் புகுந்தது; 2012-ல் தீயும் பிடித்தது.

ஆகவே, எல்லா விதைக்கும் நகல் வேண்டும். அதற்காகவே, வட துருவத்துக்கு அருகே, நார்வே நாட்டுக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவில், மலையைக் குடைந்து ஒரு பெட்டகம் கட்டினார்கள். 2008-ல் அது திறக்கப்பட்டது. உள்ளே குளிர், பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி. உலக நாடுகள் அனுப்பிய 13 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் அங்கே இருக்கின்றன. கொடுத்தவர் யாரோ, அவருக்கே அது சொந்தம். வேறு யாரும் தொட முடியாது.

அந்தப் பெட்டகம் உதவும் நாள் சீக்கிரமே வந்தது. சிரியா நாட்டில், அலெப்போ நகருக்கு அருகே ஒரு பெரிய விதை நிலையம் இருந்தது. உள்நாட்டுப் போர் மூண்டது. நிலையத்தை நடத்த முடியவில்லை. நல்ல வேளையாக, விதைகளின் நகலை அவர்கள் முன்பே ஸ்வால்பார்டுக்கு அனுப்பி இருந்தார்கள். 2015-ல் அதை எடுத்து, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்தார்கள். பெருக்கினார்கள். 2017-ல், வாங்கியதைத் திருப்பி வைக்கத் தொடங்கினார்கள்.

பூட்டி வைத்தால் போதுமா?

போதாது.

பெட்டகத்தில் இருக்கும் விதை தூங்குகிறது. வெளியே உலகம் மாறிக்கொண்டு இருக்கிறது. வெயில் கூடுகிறது. மழை தவறுகிறது. புதிய பூச்சி வருகிறது. வயலில் ஆண்டுதோறும் விதைக்கும் பயிர் இந்த மாற்றங்களோடு மல்லுக்கு நின்று பழகுகிறது. தூங்கும் விதைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆகவே விதை, பெட்டகத்திலும் இருக்க வேண்டும். வயலிலும் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு வழிகாட்டியவர் "நெல்" ஜெயராமன். திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில், ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தினார். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், குழியடிச்சான், பூங்கார், கருப்புக் கவுனி என்று, சுமார் 170 நாட்டு ரகங்களைத் தேடி மீட்டார்.

விழாவுக்கு வரும் உழவருக்கு 2 கிலோ விதை கொடுப்பார். அதை விதைத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுதான் கணக்கு! பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை. 2018-ம் ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். அவர் கொடுத்த விதைகள் பல வயல்களில் விளைகின்றன.

கொல்லிமலையிலும் ஒரு நல்ல வேலை நடந்தது. மரவள்ளி பரவியதால், அங்கே சாமையும் தினையும் கேழ்வரகும் குறைந்து வந்தன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு, மலைவாழ் மக்கள் ஊர் விதை வங்கிகளை உண்டாக்கினார்கள்.

ஏழை தலையில் பாரமா?

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். புதிய ரகங்கள் நாட்டுக்குத் துரோகம் செய்யவில்லை. 1960-களில் இந்தியா கப்பலில் வந்த கோதுமையை நம்பி இருந்தது. அப்போது கூடுதலாக விளைந்து வயிற்றை நிரப்பியவை புதிய ரகங்கள்தான்.

ஆனால் அந்தப் புதிய ரகத்துக்கும் தாய் தந்தை உண்டு. 1966-ல் வந்த "ஐ.ஆர்.8" நெல்லுக்கு, சாயாமல் நிற்கும் குட்டைக் குணம், தைவான் நாட்டின் ஒரு பழைய நெல்லிலிருந்து வந்தது. பழையது இல்லாவிட்டால், புதியது பிறக்காது.

அப்படியானால் பழைய ரகத்தை யார் பயிரிடுவது?

ஏக்கருக்கு மூட்டை குறையும் என்று தெரிந்தும், "நீ நாட்டு ரகத்தையே போடு" என்று ஓர் ஏழை உழவனிடம் சொல்வது நியாயமா? அவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் யார் கட்டுவது? மகள் கல்யாணத்துக்கு யார் கொடுப்பது? ஊருக்கே பயன்படும் விதையைக் காக்கும் பாரத்தை, ஒருவன் தலையில் மட்டும் ஏற்றக் கூடாது.

அது பொதுக் கடமை. ஆகவே செலவும் பொதுச் செலவாகத்தான் இருக்க வேண்டும்.

2001-ம் ஆண்டில் இந்தியாவில் ஒரு சட்டம் வந்தது. பயிர் ரகங்களுக்கும் உழவர் உரிமைக்கும் பாதுகாப்புத் தரும் சட்டம். தன் வயலில் விளைந்த விதையை எடுத்து வைக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் உழவனுக்கு உரிமை உண்டு என்று அது சொல்லுகிறது. கம்பெனி முத்திரை போட்டு விற்பதற்குத்தான் தடை. பரம்பரை ரகத்தை உழவன் தன் பெயரில் பதிவும் செய்யலாம். விதை காத்தவர்களுக்குப் பரிசும் உண்டு.

நல்ல சட்டம்தான். ஆனால் பரிசு, சிலருக்குத்தான் கிடைக்கும். நாட்டு ரகத்தை விடாமல் விதைக்கும் ஒவ்வோர் உழவனுக்கும், ஏக்கருக்கு இவ்வளவு என்று விளைச்சல் நஷ்டத்தை ஈடு கட்ட வேண்டும். ஒவ்வோர் ஒன்றியத்திலும் ஒரு விதை வங்கி வேண்டும். பள்ளிச் சத்துணவில் நாட்டு அரிசிக்கும் சிறுதானியத்துக்கும் இடம் கொடுத்தால், உழவனுக்குச் சந்தையும் கிடைக்கும்; பிள்ளைகளுக்குச் சத்தும் கிடைக்கும். ஒரு மேம்பாலத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், இதெல்லாம் பெரிய தொகை அல்ல.

வீட்டிலும் செய்யலாம்

இது விஞ்ஞானிக்கும் அரசாங்கத்துக்கும் மட்டும் உள்ள வேலை அல்ல. கொல்லையில் நாலு அடி இடம் இருந்தால் போதும். குடும்பமே செய்யலாம்.

முதலில், வீட்டில் உள்ள பாட்டியைக் கேளுங்கள். "உன் சின்ன வயதில் என்ன கத்தரிக்காய் இருந்தது? என்ன அவரை இருந்தது? அது யார் வீட்டில் இருக்கும்?" என்று கேளுங்கள். அந்த விதை பக்கத்து ஊரில், யாராவது ஓர் அம்மாள் வீட்டுச் சுரைக்குடுக்கையில் இருக்கலாம்.

ஒரு செடியில் மட்டும் எடுக்காமல், பல செடிகளில் நல்ல காய்களை முற்ற விடுங்கள். விதையை எடுத்து நிழலில் நன்றாகக் காய வையுங்கள். சாம்பல் கலந்தோ, வேப்பிலை போட்டோ, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பூசணி, சுரை விதைகளை வறட்டியில் பதித்துக் காய வைத்தது அந்தக் காலத்து வழக்கம்.

ஒரு சீட்டில் விதையின் பெயர், ஊர், கொடுத்தவர் பெயர், எடுத்த தேதி ஆகியவற்றை எழுதி உள்ளே போடுங்கள். புதிதாக எழுதப் படித்தவர்களுக்கு இதைவிட நல்ல எழுத்துப் பயிற்சி வேறு இல்லை!

விதைக்கும் முன், 10 விதைகளை ஈரத் துணியில் முடிந்து வையுங்கள். எட்டு முளைத்தால் நல்ல விதை. நாலுதான் முளைத்தது என்றால், உடனே விதைத்துப் புதுப்பிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதையில் விளைந்ததை எடுத்து வைத்தால், அடுத்த முறை அதேபோல் விளையாது. எடுத்து வைக்க ஏற்றது நாட்டு விதையே.

எடுத்து வைத்ததைப் பூட்டி வைக்காமல், பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள். ஒரு வீட்டில் அழிந்தால், இன்னொரு வீட்டில் இருக்கும். பனிமலைப் பெட்டகத்தின் தத்துவமும் இதுதான்!

பெயர் தெரியாத, அபூர்வமான ரகம் இருந்தால், வேளாண்மைத் துறையிலோ பல்கலைக்கழகத்திலோ ஒரு பிடி கொடுத்துப் பதிவு செய்யுங்கள். எப்போதோ வரப்போகும் நோய்க்கு மருந்து அதில் இருக்கலாம்.

வேரோடு மறைந்த நெல் எத்தனையோ! கத்தரி எத்தனையோ! அவற்றை அறிந்த பெரியவர்களும் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். விதை போகிறது, விதையின் கதையும் போகிறது. பிறகு வருந்துவது, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வது போல ஆகும்.

அரசாங்கம் பணம் ஒதுக்கட்டும். விஞ்ஞானிகள் ஊர் ஊராக வரட்டும். அவர்கள் வந்து கதவைத் தட்டும்போது, ஒரு பிடி விதை எடுத்துக் கொடுக்க வீட்டில் விதை இருக்கட்டும்!